மூன்று போன்கள் மட்டும் அதிர்ந்தன

பொழிச்சலூர் ஷபீனாவுக்கு அன்றைக்கு நாற்காலியில் இருப்பே கொள்ளவில்லை. மேடவாக்கத்தில் பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் மூன்று வருடமாக பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுகிறாள். பள்ளி வேன் வராத நாளில் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் புரோகிராம் அவள் எழுதியதுதான்.

2007 டிசம்பர் மழையில் காலை வேன் ரத்தானது. சிட்லபாக்கத்தில் ஒரு நிறுத்தத்தில் ஐந்து பிள்ளைகள். மூன்று வீட்டுக்குத்தான் செய்தி போயிருந்தது. சேதி கிடைக்காத சந்திரிகா என்ற அம்மா, காய்ச்சல் விட்டு எழுந்த மகளோடு முக்கால் மணி நேரம் மழையில் நின்றிருக்கிறார்.

பள்ளியிலிருந்து புகார் வந்ததும் முதலாளி தயாளன் சொன்னார்: "நெட்வொர்க் பிரச்னைன்னு சொல்லிடும்மா. மழை நாளு, நம்புவாங்க."

சரியென்று தலையாட்டிவிட்டாள். மனசு கேட்கவில்லை. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கடைசியில் ஆபீசில் ஐந்து பேருடைய செல்போன்களை வாங்கி மேசையில் பரப்பி, ஐந்துக்கும் அனுப்பிப் பார்த்தாள். மூன்று அதிர்ந்தன. இரண்டு சும்மா கிடந்தன.

அவளுடைய புரோகிராமில் எஸ்.எம்.எஸ். அனுப்பும் துண்டான ஃபங்ஷன், ஒரு செய்தியையும் மூன்று எண்களையும்தான் வாங்கிக்கொள்ளும். ஜூனில் அந்த நிறுத்தத்தில் புதிதாக இரண்டு பிள்ளைகள் சேர்ந்தபோது, அதை அழைக்கும் வரியில் அவளே இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்திருந்தாள். ஃபங்ஷனைத் தொடவில்லை. அதன் பிறகு வேன் ரத்தானது இதுதான் முதல் முறை. குறைவாகக் கொடுத்தால் எச்சரிக்கும் பி.எச்.பி., கூடுதலாகக் கொடுத்தால் வாயைத் திறக்காது. மிச்சத்தைப் பேசாமல் விட்டுவிடும்.

ஃபங்ஷனுக்குள் func_get_args என்று போட்டாள். எத்தனை கொடுத்தாலும் மொத்தத்தையும் ஒரே பட்டியலாகத் தந்துவிடும். முதலில் இருக்கும் செய்தியை உருவிக்கொண்டு, மீதி எண்கள் ஒவ்வொன்றுக்கும் அனுப்பச் சொன்னாள். எண்ணே இல்லாவிட்டால் பிழை காட்டவும் ஒரு வரி. இப்போது ஐந்தும் அதிர்ந்தன.

தயாளனிடம் கேட்காமலே சந்திரிகாவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மெசேஜ் வராதது நெட்வொர்க்னால இல்லை. நான் எழுதின புரோகிராம்ல தப்பு. உங்க நம்பரை அது எடுத்துக்கவே இல்லை."

"பாப்பாவுக்கு மறுபடி சுடுது. டாக்டர்கிட்ட கிளம்பிக்கிட்டிருக்கேன். நீ சாரின்னு சொல்லிட்டா காய்ச்சல் எறங்கிடுமா?" சந்திரிகா போனை வைத்துவிட்டார்.

விஷயம் தெரிந்து தயாளன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பள்ளி மட்டும் வேலையைத் தொடரச் சொன்னது. குழந்தை நான்காம் நாள் வகுப்புக்கு வந்துவிட்டதாக ஷபீனா பள்ளி ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்போதும் நிம்மதியில்லை. தான் எழுதிய பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த ஃபங்ஷன் எத்தனை வாங்குகிறது, அதை அழைக்கும் வரி எத்தனை கொடுக்கிறது என்று பார்க்கத் தொடங்கினாள்.