அணையைச் சுற்றி ஓர் அமைதியான சாலை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று நான் சைக்கிளோடு வாழைக்குலை ஏற்றிவந்த ஆட்டோவில் ஏறித்தான் வீடு திரும்பினேன்.

"நெய்யாறு அணையைச் சுற்றி ஈ காக்கா கிடையாது" என்று போன மாதம் இங்கே எழுதினேன் அல்லவா? அதை நம்பி மச்சினன் புது சைக்கிளே வாங்கிவிட்டான். மாமனார் வீட்டில் எனக்கு மிச்சமிருந்த மரியாதையெல்லாம் இன்றைய சவாரியில்தான் இருந்தது.

ஒற்றசேகரமங்கலம் தாண்டியதும் பின்னால் பஸ், எதிரே மரத்தடி ஏற்றிய லாரி. மச்சினன் இரண்டு முறை சாலையோர ஓடையில் இறங்கினான்.

ஒதுங்கி நின்ற டீக்கடையில் சேச்சி சிரித்தார். "அண்ணன் போன மாசம் வந்தது ஹர்த்தால் நாளிலாக்கும். அன்னைக்கு வண்டி எங்க ஓடிச்சு?"

மச்சினன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "அத்தான், அடுத்த ஹர்த்தால் எப்பம்னு சொல்லுங்க, வாறேன்."

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அந்த ஹர்த்தாலுக்கு எங்கள் ஊரில் சுவரொட்டி ஒட்டியதே நான்தான்.