அழகையா பாடி வைத்த பாதி

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில் விஜயலெட்சுமியை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர்தான். பெரட்டுக்களத்தில் காலையில் பேர் வாசிக்கிற கணக்கப்பிள்ளை ஒருவர். கிளினிக்கில் துண்டு கொடுக்கிற நர்ஸ் இன்னொருவர். மற்ற எல்லாருக்கும் அவள் லெச்சுமியக்கா. வெறும் லெச்சுமி என்று கூப்பிட்டது அவள் புருஷன் அழகையா மட்டும். அவர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷமாகிறது. மகன் ஜெயரூபன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறான். தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்கு வருவதாகச் சொல்வான்.

அழகையா ஒரு பாட்டுப் பைத்தியம். பகலெல்லாம் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த மனுஷன், சாயங்காலம் முகம் கழுவியதும் வேறு ஆளாகிவிடுவார். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். பதினொரு வருஷம் அவர்தான் மன்மதன். சிவனுடைய தவத்தைக் கலைக்கக் கிளம்புகிற மன்மதனை, போனால் எரிந்துபோவீர் என்று ரதி மூன்று தரம் மறித்துப் பாடுவாள். அவன் கேட்கமாட்டான். போவான், எரிவான். ரதி வேஷம் கட்டுவதும் ஆம்பளைதான். பெண்கள் சுற்றி நின்று அழுவதோடு சரி. லெச்சுமியும் பதினொரு வருஷம் அப்படி நின்று, சொந்தப் புருஷன் எரிவதைப் பார்த்து மூக்கைச் சிந்தியிருக்கிறாள்.

ரதி வேஷம் கட்டிய சுரேஸ் கட்டாருக்குப் போனான். புது ரதி வந்தான், அவனுக்குத் தோதாகப் புது மன்மதனும் வந்தான். “நீங்க இனிமே உக்காந்து பாருங்க மாமா” என்று அழகையாவுக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மரியாதைதான், ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அப்பா முகம் வாடிப்போனதைப் பார்த்துத்தான் ஜெயரூபன் ஒரு போன் வாங்கி, அதில் பாட்டுப் பாடுகிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அதில் ஒருவர் ஜோடிப் பாட்டின் ஒரு பாதியைப் பாடி வைக்கலாம். மறுபாதியை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பாடிச் சேர்க்கலாம்.

“லெச்சுமி, பொம்பளப் பாகத்த நீ பாடேன்” என்று அவர் கேட்டார்.

“பொழுதுக்கும் மலையில நின்னு காலு கடுக்குது. பாட்டு ஒன்னுதான் இப்ப கொறச்சல்.”

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கொழுந்து நிறுத்துப் போட்டு, விறகும் சுமந்து வந்தவளை ஜோடிப் பாட்டுப் பாடச் சொன்னால் யாருக்கு வாய் வரும்? அழகையா சிரித்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவார். லயத்து வரிசை வீடுகளிலேயே சிக்னல் கிடைப்பது அந்தப் படியில்தான். கதவு திறந்து கிடக்கும், பனி உள்ளே வரும், அடுப்படியிலிருந்து இவள் கத்துவாள். மூன்று வருஷம் இதுதான் நடந்தது. ஒரு நாளாவது பக்கத்தில் போய் உட்கார்ந்தாளா என்றால், இல்லை.

நெஞ்சு வலி வந்து அவர் போனபிறகு, முப்பத்தோராம் நாள் முடிந்து கிளம்புமுன் மகன் போனை அவள் கையில் கொடுத்தான். “இந்தச் செவப்புப் படத்த அமத்துங்கம்மா, அப்பா பாடுவாரு.” அமத்தினாள், பாடினார். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தினமும் விளக்கு வைத்த கையோடு அந்த ஒரே பாட்டு. பெண் பாட வேண்டிய இடத்தில் வெறும் வாத்தியம் மட்டும் ஓடும். அந்த இடங்களில் அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், மலையில் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குக்குள் வைத்திருந்த போன் நனைந்துவிட்டது. லயத்தில் எது நனைந்தாலும் போகிற இடம் அடுப்புக்கு மேலே கட்டிய பரண்தான். விறகு, சாக்கு, பிள்ளைகளின் சப்பாத்து எல்லாம் அங்கேதான் காயும். நாற்பது வருஷப் பழக்கம். போனையும் அங்கேயே வைத்தாள். காலையில் எடுத்தபோது அது அப்பளம்போல வளைந்திருந்தது.

அன்று அவள் பெரட்டுக்குப் போகவில்லை. போனைச் சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பதுளை பஸ் ஏறினாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்ட போன் கடைக்குள் போனாள். பஹ்மா என்ற பெண் இருந்தாள், மகன் வயசுதான் இருக்கும். வளைந்த போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“இது முடிஞ்சிம்மா. இனி ஒன்டும் செய்ய ஏலாது. இதுல என்ன இருந்திச்சி?”

“அவரு இருந்தாரு.”

“யாரு?”

“எங்க வீட்டுக்காரரு. பாட்டுப் பாடி வச்சிருந்தாரு.”

பஹ்மா அந்த ஆப் எது என்று கேட்டாள். லெச்சுமிக்குச் சிவப்புப் படம் என்றுதான் சொல்லத் தெரிந்தது. பஹ்மா பேரையும் ஊரையும் கேட்டுத் தன் போனில் தேடி, அழகையா ஸ்பிரிங்வெளி என்று அடித்தாள். தலையில் துவாய் கட்டிய முகம் ஒன்று வந்தது. “இவரா?”

லெச்சுமி மேசையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

“பாட்டு போன்ல இல்லம்மா, வெளிய இருக்கு. யாரும் கேக்கலாம். நாப்பத்தொரு பாட்டு.”

நாற்பத்தொன்று! அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பஹ்மா ஒன்றைத் தட்டினாள். அழகையாவின் குரல் வந்தது. கூடவே ஒரு பெண்ணின் குரலும் கொஞ்சிக்கொண்டு வந்தது.

“இவ யாரு?”

“மலேசியாவாம்.”

அடுத்த பாட்டில் மட்டக்களப்புக்காரி. அதற்கடுத்ததில் கனடாவிலிருந்து ஒருத்தி, உதட்டுச் சாயத்தோடு. லெச்சுமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதிலும் ஒருத்தி பாடியது போன வாரம். செத்துப்போன மனுஷனோடுதான் பாடுகிறோம் என்று அவளுக்கு யார் சொல்வது? இத்தனை பேர் பாடியிருக்கிறார்கள், கூடவே குடித்தனம் நடத்தின நான் பாடவில்லையே என்று நினைத்தபோது, அந்தக் கோபம் அவர்களை விட்டுவிட்டு இவள் மேலேயே திரும்பியது.

“இதுக்கு மட்டும் ஒருத்தரும் வரல்ல” என்றாள் பஹ்மா, கடைசிப் பாட்டைக் காட்டி. அவர் சாவதற்கு மூன்று வாரம் முன்பு பாடியது. வாத்தியம் இல்லை. கதவுப் பலகையில் விரலால் தப்பு மேளத்தின் அடிபோலத் தட்டிக்கொண்டு பாடுகிறார். காமன் கூத்தில் மன்மதன் விடைபெறுகிற பாட்டு. ஓர் அடி பாடினார், நிறுத்தினார். விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

“மறந்திட்டாரோ?”

“மறக்கல. காத்துக்கிட்டு இருக்காரு.”

இரண்டாம் அடி, மறுபடியும் காத்திருப்பு. மூன்றாம் அடி முடிந்து அவர் காத்திருந்தபோது, பின்னாலிருந்து ஒரு பெண்குரல் சுள்ளென்று விழுந்தது: “கதவச் சாத்துங்க, பனி வருது!”

பஹ்மா சிரித்துவிட்டாள். “இது யாரும்மா?”

“நாந்தான்.”

ரதியின் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தத் தோட்டத்துக் கூத்தில் மட்டும் பாடுகிற மெட்டு அது. மலேசியாக்காரிக்கு எப்படித் தெரியும்? பதினொரு வருஷம் சுற்றி நின்று கேட்டவளுக்குத் தெரியும். அவர் யாருக்காக அப்படி நிறுத்தி நிறுத்திப் பாடியிருக்கிறார் என்பது லெச்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது.

“நான் பாடுனா இதுல சேருமா?”

பஹ்மா எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். “அஞ்சு நிமிசம் வெளிய நில்லுங்க நானா” என்று கடைக்கு வந்தவரிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவை இழுத்து மூடினாள்.

லெச்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாழ்நாளில் நாலு பேருக்குக் கேட்கும்படி பாடியதில்லை. முதல் அடி முடிந்து விரல் தட்டியது. முந்தானையை எடுத்தாள். குரல் கரகரத்தது, சுருதி எங்கேயோ போனது. ஆனாலும் ஒரு சொல் பிசகவில்லை. போக வேண்டாம் என்று ஒரு தரம் மறித்தாள். இரண்டாம் தரம் மறித்தபோது வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவள் காதில் விழவில்லை. மூன்றாம் தரம், எரிந்துபோவீர், என்னைத் தனியே விட்டுப் போகாதீர் என்று அவள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே, போனுக்குள்ளேயிருந்து அவளுடைய பழைய குரல் குறுக்கே வந்து கதவைச் சாத்தச் சொன்னது. அதோடு விரல் தட்டுவது நின்றது.

பஹ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், “அந்தச் சத்தத்த மட்டும் வெட்டிவிடவாம்மா?”

“வேணாம் மக. அதுவும் நாந்தானே, இருக்கட்டும்.”

மகனுக்கு அதை அனுப்பிவிடுவதாகவும், கேட்க நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றும் பஹ்மா சொன்னாள். லெச்சுமி மூன்று மணி பஸ்ஸில் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போகவில்லை. அவர் உட்காருகிற படியில் உட்கார்ந்து, கதவுப் பலகையில் விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தாள். பனி அவளைத் தாண்டி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கதவைச் சாத்தச் சொல்ல உள்ளே யாரும் இல்லை.