பெயர்கள் ஓடும் நேரம்

“இன்னும் படிச்சே முடிக்கலை, அதுக்குள்ள பேரு ஓடிப் போயிடுச்சு” என்று சட்டைக்குப் பொத்தான் தைத்தபடியே சொல்கிறார் தையற்காரக் கணவர். அவ்வளவுதான், கணினித் திரையில் ஒலிப்பதிவாளரின் பெயர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்படி மாற்றுகிறார் மனைவி. “எங்க வீட்டுக்காரர் படிச்சு முடிச்சாத்தான் ஊரே படிச்சு முடிக்கும்” என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார், சினிமாக்காரர்கள் ‘டைட்டில் அக்கா’ என்று கூப்பிடும் அந்தப் பெண்மணி.

படம் தொடங்கும்போது பெயர்கள் வருமே, நாம் இருட்டில் இடம் தேடி அடுத்தவர் காலை மிதிக்கும் அந்த நேரம், அதுதான் அவருக்குப் பிழைப்பு. சாப்பாட்டு மேசையில் கரண்டியை நகர்த்தி, “பேரு இங்க வரட்டுமா, அந்தப் பக்கம் வரட்டுமா?” என்று ஆரம்பித்தால் எல்லார் தட்டும் ஆறிப்போகும். கோபமோ மூக்குக்கு மேல். எழுத்துகள் சுழன்று நெருப்பைக் கக்கிக்கொண்டு வந்தால் தொலைந்தது: “எழுத்து எதுக்குக் குட்டிக்கரணம் அடிக்குது? படத்துல சரக்கு இல்லையா?”

இப்போது கையில் இருப்பது, பிரியப்போகும் கணவன் மனைவியின் கதை. அக்கா காட்டுவது இரண்டு ஜோடிக் கைகளை மட்டும். அவை மேசைமேல் பாத்திரங்களைப் பங்கு பிரிக்கின்றன. இது உனக்கு, இது எனக்கு. நடுவில் விரியும் இடைவெளியில் பெயர்கள் வருகின்றன. கடைசியில் ஒரு பாத்திரம் இந்தப் பக்கம் போகிறது, அதன் மூடி அந்தப் பக்கம். அங்கேதான் படத்தின் பெயர். “கதையைச் சொல்லிடக் கூடாது. ஆனா ஜனங்களை அந்த வீட்டுக்குள்ள விட்டுடணும்” என்கிறார்.

இயக்குநருக்கு நம்பிக்கை இல்லை. “யாரு பாக்கப் போறாங்க அக்கா? போனை நோண்டிட்டு இருப்பாங்க. ரிலீசுக்கு முன்னாடி கொஞ்சம் பேருக்கு முன்னோட்டக் காட்சி வைக்கிறேன். ஜனங்க கவனிக்கலைன்னா இதைத் தூக்கிட்டு, பேரெல்லாம் கடைசியில போட்டுடுவேன்.”

“கடைசியில போட்டா, தியேட்டரைக் கூட்டிப் பெருக்குறவங்கதான் படிப்பாங்க” என்று முணுமுணுத்தார் அக்கா. மாதக்கணக்கில் உழைத்தது, பாவம்.

முன்னோட்டக் காட்சிக்கு நானும் போனேன். அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் நின்று, உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நகமெல்லாம் பல்லுக்குப் போயிற்று.

கைகள் தட்டுகளைப் பிரிக்கத் தொடங்கின. முன்வரிசையில் ஒரு பெண்ணின் போன் பளிச்சென்று எரிந்தது. போச்சுடா என்று நினைத்தேன். அவளோ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைக் கவிழ்த்து வைத்தாள். அரங்கில் சத்தமே இல்லை. பாத்திரம் ஒரு பக்கமும் மூடி ஒரு பக்கமும் போனபோது, பின்னாலிருந்து ஒரு பெரியவர் வாய்விட்டே கத்திவிட்டார்: “ஐயையோ, அதை ஏம்ப்பா பிரிக்கிறீங்க!”

யாரும் சிரிக்கவில்லை. நடு வரிசையில் உட்கார்ந்திருந்த இயக்குநர் திரும்பிப் பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான இடத்தை அக்காவுக்குத் தட்டிக் காட்டினார்.