கருவாட்டுக் கடைக்குக் கொடுத்த பூனை

அந்தப் பூனையைக் கொடுத்ததற்கு வெகுகாலம் நான் பொங்கல் வீட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் போட்டார்கள், போகச் சொன்னார்கள், நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அது பொய். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொங்கல் வீடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுபதுகளில் பம்பாய்த் தாராவியில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களுக்கு ஊருக்கொரு பொங்கல் வீடு உண்டு. பிழைக்க வந்த ஆண்கள் ஒரே அறையில் தங்கி, ஒரே உலையில் பொங்கித் தின்போம். எங்கள் அறையில் பதினான்கு பேர். பகல் வேலைக்காரன் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். எதையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வோம். மூத்தவர் ஒருவர் இருந்தார், எனக்குச் சித்தப்பா முறை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேச வேண்டியதே இல்லை. பத்து நாளைக்கு மேல் சீக்காகப் படுத்தவனை ஊருக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள். கல்நெஞ்சம் என்று இல்லை. படுக்க இடம் கிடையாது.

நான் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தேன். அங்கே கிடந்த கடுவன் குட்டி ஒன்றை அரிசி மூட்டைக்குக் காவலாக நான்தான் தூக்கி வந்தேன். சாம்பல் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். இரண்டு வருஷம் நன்றாக எலி பிடித்தது. அதற்குப் பிறகு அதற்கு நீர் பிரிவதில் சிக்கல் வந்தது. மூலையில் குந்தி முக்கும், ஒரு சொட்டு வரும், சில நாள் அதுவும் வராது. அடிவயிறு எலுமிச்சம்பழம் போல உருண்டு நிற்கும். தொட்டால் கத்தும். நாலு நாளில் சரியாகும், மாதம் கழித்துத் திரும்ப வரும்.

பக்கத்துத் தபேலா என்ற மாட்டுத் தொழுவத்தில் எருமைகளைப் பார்க்க வரும் டாக்டர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சிரித்தார். ஆனாலும் பார்த்தார். வயிற்றை அமுக்கி நீரை எடுத்துவிட்டு, இது தீரும் சீக்கு இல்லை என்று இந்தியில் சொன்னார். "நமக் பந்த். பானி ஜாஸ்தி" என்றார். உப்பு கூடாது, தண்ணீர் நிறைய வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

அதன்படி ஒரு வருஷம் செய்தேன். விடிகாலையில் மீனவர் குப்பமான கோலிவாடாவுக்குப் போய் மீன் தலையும் செவுளும் வாங்கி வருவேன். உப்பில்லாமல் வேகவைத்துக் கஞ்சித் தண்ணீரில் கரைத்து வைப்பேன். அதுவரை வீட்டில் எல்லாரும் கருவாட்டுத் துண்டைத்தான் அதற்குப் போடுவார்கள். சொன்னால் சிரிப்பார்கள் என்று டாக்டர் பேச்சை எடுக்காமலே, அதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். சீக்கு குறைந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வந்தது. ஆனால் வரும்போது கண்ட இடத்தில் சொட்டுவிடும். பாயில், சட்டையில், ஒரு தடவை அரிசிச் சாக்கில்.

கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் எங்களில் ஒருவனுக்குப் பியூன் வேலை கிடைத்திருந்தது. அவனுடைய காக்கிச் சட்டையில் பூனை சொட்டிவிட்டது. அவன் கவனிக்காமல் போட்டுக்கொண்டு போக, மேனேஜர் நாற்றம் தாங்காமல் வெளியே நிறுத்திவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டையை நடுவில் விரித்துப் போட்டான். "எல்லாரும் மோந்து பாருங்க. இந்த வாடையோட நான் வேலைக்குப் போணுமாம்." எனக்கு ஏற்கெனவே பூனைக்கு மருத்துவச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் கெட்ட வார்த்தை சொன்னேன்.

சித்தப்பா எல்லாரையும் அடக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "பூனை ஒன்னோடது. வச்சுக்கிடணும்னா வாசல்ல ஒரு பெட்டி அடிச்சுப் போடு, உள்ள விடாத. முடியாதுன்னா எங்கயாவது குடுத்துரு. அடுத்த ஞாயித்துக்கெழம சொன்னாப் போதும்."

அவர் சொன்னது இவ்வளவுதான். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, பூனையையும் போகச் சொல்லவில்லை. பியூன்கூட, பெட்டி அடிக்கப் பலகை கொண்டு வருகிறேன் என்றான்.

ஒரு வாரம் எனக்கு இருந்தது. பெட்டி அடிப்பது அரை நாள் வேலை. நான் அடிக்கவில்லை. பலகை சரியில்லை, ஆணி இல்லை என்று சாக்குச் சொன்னேன். எனக்கு அலுத்துவிட்டிருந்தது. விடிகாலையில் எழுந்திருப்பதும், மீன்தலை நாற்றமும், கூட இருப்பவன் எல்லாம் தூங்கும்போது நான் மட்டும் பூனையின் வயிற்றைத் தடவிப் பார்ப்பதும் அலுத்துவிட்டது. சீக்குள்ள பிராணி நம் கையை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால் அந்தப் பார்வையைத் தாங்க முடியாது. எனக்கு முடியவில்லை.

குர்லாவில் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருத்தி கருவாட்டுக் கடை வைத்திருந்தாள். பொங்கல் வீட்டுக்குக் கருவாடு அங்கேதான் வாங்குவோம். அவளுடைய பழைய பூனை செத்து, எலிகள் சாக்கைக் கடிப்பதாக அவள் சொன்னதைச் சித்தப்பா வந்து சொன்னார். வீடே சிரித்தது. "பூனைக்கு அடிச்ச யோகத்தப் பாருல. கருவாட்டுக் கடைக்கே வாக்கப்பட்டுப் போவுது" என்றான் பியூன். நானும் சிரித்தேன். அந்தப் பதினான்கு பேரில் அது யோகம் இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமையே சாக்கில் போட்டு சயானில் ரயில் ஏறினேன். ஒரு ஸ்டேஷன்தான். அதற்குள் மடியில் என் சட்டை நனைந்தது. லேசான சிவப்பு. கடைக்குப் போகும் முன் குழாயடியில் சட்டையை நனைத்துக் கசக்கினேன்.

அக்கா பூனையைத் தூக்கி, மடங்கிய காதை நிமிர்த்திப் பார்த்தாள். "சீக்கு கீக்கு ஒண்ணும் இல்லியே தம்பி?"

"ஒண்ணும் இல்லக்கா. நல்லா எலி பிடிக்கும்."

அவள் உடைந்த நெத்திலியை ஒரு கை அள்ளிக் கீழே போட்டாள். ஒரு வருஷம் உப்பே பார்க்காத பூனை பாய்ந்து தின்றது. நான் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கருவாடு வாங்க என்னை அனுப்பினார்கள். பூனை சாக்குகளுக்குப் பின்னால் குந்தியிருந்தது. என் குரல் கேட்டு எழுந்து வந்து காலில் உரசியது, உடனே அங்கேயே குந்தி முக்கியது. ஒன்றும் வரவில்லை. அக்கா என்னையே பார்த்தாள். "ரெண்டு நாளா இப்படித்தான் இருக்கு தம்பி. ஒங்க வீட்டுல இருக்கயில இந்த மாதிரி உண்டா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கருவாடு போடாதீங்க அக்கா, கஞ்சித் தண்ணி குடுங்க, வயிற்றை இப்படி அமுக்கிவிடணும் என்று. சொல்ல ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. ஆனால் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். திருப்பித் தூக்கிக்கொண்டு போ என்பாள். கடையில் நாலு பேர் நின்றார்கள்.

"இல்லக்கா. இங்க வந்துதான் என்னமோ ஆயிருக்கு" என்றேன்.

இங்கே வந்துதான். அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. அவள் முகம் சுருங்கியது. பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் எல்லாரும் வீட்டில் இருந்தோம். அக்கா வந்து வாசலில் நின்றாள். ஆண்கள் இருக்கும் அறை என்பதால் உள்ளே வரவில்லை. கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். பூனை செத்துவிட்டது என்றாள். அழுதாள்.

"நல்லாருந்த உசுர வாங்கி வச்சுக் கொன்னுட்டேன் தம்பி. என்ன போட்டேன்னு எனக்கே தெரியல. மன்னிச்சிரு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். ஒரு வருஷம் நான் கருவாட்டுக்காகப் போட்ட சண்டையை அவர் பார்த்தவர். நான் சீக்கை மறைத்துக் கொடுத்தது அந்த நேரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் நான் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டார்.

"பரவால்லக்கா" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் மன்னித்தேன்.

அவள் கொண்டு வந்த ஓலைப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். நல்ல நெய்மீன் கருவாடு, விற்பனைக்கு வைத்ததில் மேலான துண்டுகள். அன்று ராத்திரி கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தார்கள். சித்தப்பா தன் தட்டில் குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறும் மோரை ஊற்றிச் சாப்பிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் காரணம் கேட்பார்களே என்று பயந்து.

அதற்குப் பிறகு குர்லாவுக்குக் கருவாடு வாங்க என்னை அனுப்பப் பார்த்தபோதெல்லாம் வேறு யாரையாவது போகச் சொன்னேன். அந்த அக்கா கடையில் பிறகு பூனையே வளர்க்கவில்லை என்று பியூன்தான் சொன்னான். அவள் கை பூனைக்கு ஆகாதாம். அவளே அப்படிச் சொன்னாளாம்.