ஜல்லித் தொட்டியும் சனி வளையமும்

கடப்பாரையைக் கண்டால் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு கல் கிரஷரில், ஜல்லித் தொட்டியின் விளிம்பில் வைத்து அதை என் கையில் திணித்தவர் எங்கள் மேஸ்திரி. எழுபதுகளின் கடைசி. எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்கு அந்த வேலையை விட்டால் வேறு போக்கில்லை. அது போய்விடுமோ என்று தினமும் பயந்துகொண்டேதான் போவேன்.

அன்று காலை டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்தது நான்தான். சனி கிரகத்தைச் சுற்றியிருக்கும் வளையம் ஒரே தகடு இல்லையாம். அத்தனையும் கல்லும் பனிக்கட்டியுமாம். நெருக்கமான இடங்களில் அவை ஒன்றையொன்று ஓயாமல் இடித்து, தனித்தனிக் கல்லாக இல்லாமல் மொத்தமாகத் தண்ணீர் போல நடந்துகொள்ளுமாம். அலைகூட எழும்புமாம்.

"காலங்காத்தால சனியப் பத்திப் படிக்கிறான் பாரு," என்று மேஸ்திரி மிச்ச டீயைக் கீழே ஊற்றினார். "கல்லு இன்னாடா, பாலாத்துத் தண்ணியா, ஓடிக்கினு போவ?"

படித்தது மண்டைக்குள் புகுந்துகொண்டது. தொட்டியின் அடிவாயில் ஜல்லி கொட்டாமல் அடைத்துக்கொண்டு, கீழே லாரி காத்து நின்றபோது, மேஸ்திரி என்னை உள்ளே இறங்கிக் குத்திவிடச் சொன்னார். வழக்கமாக இறங்குகிறவன்தான் நான். அன்று கால் வரவில்லை.

"ஓடும் மேஸ்திரி. ஆள உள்ள இழுத்துக்கும்."

"பயந்தாங்கொள்ளி நாயே, தள்ளு," என்று கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு அவரே இறங்கினார். ஓங்கிக் குத்தியதும் அடைப்பு விட்டது. மலையாய்க் கிடந்த ஜல்லி சுழித்துக்கொண்டு இறங்க, இடுப்புவரை போய்விட்டார். கீழே வாயை அடைத்து, கயிறு போட்டு இழுத்தோம். ஒரு முட்டி திரும்பியிருந்தது.

அந்த வலியிலும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்னைப் பற்றியது: "கல்லு எங்கடா ஓடிச்சி? இந்தச் சனியன் வாய வச்சான், அதான்."

எல்லோரும் நம்பினார்கள். என்னோடு கயிறு பிடித்தவனும் நம்பினான். அன்றோடு வேலை போயிற்று. திருக்கழுக்குன்றம் வரை எந்தக் கிரஷரிலும் சேர்க்கவில்லை. எனக்கு முன்னால் என் வாயைப் பற்றிய பேச்சு போய் நின்றது. மாமல்லபுரம் கரையில் கிளிஞ்சல் மாலை விற்கப் போனேன்.

ஒரு மாசி மகத்தன்று கடலில் முழுக்குப் போட அவர் அங்கே வந்தார், கோலூன்றிக்கொண்டு. என்னைக் கண்டதும் கையைக் காட்டினார். "வாயத் தொறக்காதடா!"

திறந்தேன். "எறங்காதீங்க மேஸ்திரி. இழுத்துக்கும்."

அலை முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. குழந்தைகள்கூடக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நனையாத வேட்டியோடு பஸ் ஏறினார்.

அவர் செத்துப்போய்விட்டதாக இப்போது கேள்வி. அந்த முழுக்கைப் போடாமலே போனார் என்று நினைத்தாலும் எனக்கு வருத்தம் வருவதில்லை.