பக்கத்து வார்டில் ஓட்டுக் கேட்டவர்

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் தங்கவயல், அதாவது கேஜிஎஃப் நகரசபையில் இருந்தவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்கிறாராம். என் வீட்டுக்காரர் ஒரு தடவை கவுன்சிலராக இருந்தவர். அந்த அம்மா ஃபோனை எதிரில் வைத்ததுதான் தாமதம், மனிதர் மேடையேறிவிட்டார். "மக்களோட மக்களா நின்னேன் மேடம். அந்த மக்கள் சக்திதான் என்னை ஜெயிக்க வெச்சிது" என்று முழங்கினார். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆசிரியைக்குக் காது கூர்மை. "நீங்களும் வந்து உட்காருங்கம்மா" என்றார். விடுவேனா?

நடந்தது இதுதான். இவர் முதல் தடவை நின்று தோற்றார். அந்த அவமானத்தில் பல நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். அடுத்த தேர்தல் வந்ததும் மறுபடி நின்றார். ஆனால் மனு போட்ட அன்றே என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தவாட்டியும் தோத்தா இந்த ஊரே வாணாம்மே. பெங்களூர்ல ஒரு வூடு பாத்துகினு பூடலாம்."

கேஜிஎஃப்பில் பாலகாட் என்கிற பகுதியில் எங்களுடையது சுரங்கக் கம்பெனி கட்டிய பழைய லைன் வீடு. மழைக்கு ஒழுகும். வாரத்துக்கு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும், அதற்கும் சண்டை. இருக்கட்டுமே. சண்டை போட எனக்கென்று ஆட்கள் இருக்கிற ஊர் இது. பெங்களூரில் மாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நான் யாரோடு மல்லுக்கட்டுவது? அதுவரை அரசியல் என்றாலே எரிந்து விழுந்தவள், அன்றிலிருந்து இவர் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை.

சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். இவரும் அப்போது அப்படித்தான். அதனால் ரயிலிலேயே ஓட்டுக் கேட்பது என்று முடிவு செய்தார். தினமும் வந்து பெருமை பேசுவார். "பொட்டி மொத்தமும் நம்ம பக்கம் கீது. பங்காருபேட்டை வர்றதுக்குள்ள ஒருத்தன் பாக்கி இல்லாம கையடிச்சு சத்தியம் பண்றான்." எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம், "இவரு உன் வூட்டுக்காரராண்ட பேசினாரில்ல?" என்று கேட்டு வைத்தேன்.

"அவர எங்கக்கா பாக்கறாங்க? நம்ம லைன் ஆளுங்க எல்லாம் கடைசி பொட்டில இல்ல போறாங்க" என்றாள்.

குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். அப்போதுதான் உறைத்தது. வீடு பாலகாட்டில் இருந்தாலும் இவர் வேலை செய்தது மைசூர் மைன்ஸ் என்கிற சுரங்கத்தில். எங்கள் ஊரில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் யாரோடு சுரங்கத்துக்குள் இறங்கினார்களோ, அவர்களோடுதான் கடைசிவரை ஒட்டு. ரயில் பெட்டியும் அந்தக் கணக்குத்தான். இவர் ஏறுகிற பெட்டி முழுக்கப் பக்கத்து வார்டில் குடியிருக்கிற மைசூர் மைன்ஸ்காரர்கள். சத்தியம் செய்தவர்களில் ஒருவருக்கும் எங்கள் வார்டில் ஓட்டே கிடையாது!

சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, அவங்க ஓட்டு எந்த வார்டுல கீதுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?"

"அவனுங்களும் கேக்கலியேம்மே" என்றார் பாவமாக. திட்டுவதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. தேர்தலுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

மறுநாள் பெட்டியில் விஷயத்தைச் சொன்னாராம். டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் ஒருவர், "இன்னாத்துக்குய்யா மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற? நம்ம பொண்ணுங்க பாதிப் பேர பாலகாட்லதான குடுத்துகிறோம்?" என்றிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். மைசூர் மைன்ஸ் பெட்டி அப்படியே எங்கள் லைனுக்குள் இறங்கியது. ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவுமாக அவரவர் மகள் வீட்டுக்குப் போனார்கள். கறிக்குழம்பு வாசனையில் தெருவே மணத்தது. சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மாப்பிள்ளையிடம் மெதுவாக விஷயத்தை எடுத்தார்கள். எதிர்த்து நின்றவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "வெளி வார்டு ஆளுங்கள இட்டுகினு வந்து கலாட்டா பண்றாங்க" என்று தெருவில் நின்று கத்தினார். ஒரு மாமனார் கை கழுவிக்கொண்டே வெளியே வந்து, "எம் பொண்ணு வூட்ல சோறு துன்றதுக்கு உன்னாண்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று கேட்டார்.

இவர் ஜெயித்தார். மயிரிழைதான், ஆனால் ஜெயித்தார். அடுத்த ஐந்து வருடமும் காலையில் எங்கள் வாசலில் பாலகாட் ஆட்கள் ஒரு பக்கம், மைசூர் மைன்ஸ் ஆட்கள் ஒரு பக்கம். சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் அந்த வார்டுக்காரர்களும் இவரிடம்தான் வருவார்கள். அவர்களுடைய கவுன்சிலர் நிம்மதியாகத் தூங்கினார். இவரும் முடியாது என்று சொல்லத் தெரியாமல் இரண்டு வார்டுக்கும் ஓடினார். டீ போட்டுப் போட்டு என் கை ஓய்ந்தது. முணுமுணுத்துக்கொண்டே போட்டாலும், அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

இதுவரைக்கும் நான் சொல்வதைக் கேட்டு இவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "அதுக்கப்புறம் நின்னீங்களா சார்?" என்று ஆசிரியை கேட்டதும் எழுந்து, மாத்திரை போட வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். மிச்சத்தையும் நானே சொன்னேன்.

அடுத்த தேர்தலிலும் நின்றார். தோற்றார். ஓட்டு எண்ணிக்கை முடிந்து வீட்டுக்கு வந்தவர் கால் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். எனக்கோ கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி மேலேயே கண். பழைய சபதம் இவருக்கு ஞாபகம் இருக்குமே. பெங்களூர் என்று இப்போது சொல்லப்போகிறார், இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே ரசம் ஊற்றினேன்.

அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "நாளைக்கு தண்ணி வர்ற நாளாச்சே. டிரம்ம கழுவி வெச்சியா?" என்றார்.

கழுவித்தான் வைத்திருந்தேன். கொல்லைக்குப் போய் இன்னொரு தடவை கழுவினேன்.