பச்சைச் சட்டைக்காரர்கள் தோற்ற வருடம்

தோற்பதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரு கால்பந்து அணி எங்கள் பினாங்கில் இருந்தது. பச்சைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. அது கலைந்து போய் வெகுகாலமாகிவிட்டதால் பெயர் வேண்டாம். அப்போதே அதற்குப் போதுமான அளவு மானம் போயிருந்தது. அந்த அணி முதல் டிவிஷனில் ஆடிய கடைசி வருடத்தில் அதன் ஆட்டங்களை எல்லாம் நான் கட்டாயத்தின் பேரில் பார்த்தேன். எனக்குப் பத்து வயது. பந்து விளையாட்டில் எனக்குத் துளியும் ஆர்வம் கிடையாது.

சீசன் தொடங்குமுன்பே அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து மூன்று டிக்கெட் வாங்கியிருந்தார்கள். அடுத்தடுத்த மூன்று இருக்கைகள். வருடம் முழுவதற்கும் அவர்கள் இருவருக்கும் என் அண்ணனுக்கும். அப்போது நாங்கள் எல்லோரும் ஆயர் ஈத்தாமில் ஒரே வீட்டில் இருந்தோம். அதன் பிறகுதான் அப்பா கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கினார். வாங்கியதில் தப்பில்லை. ஆனால் அதைப் பெரியப்பாவிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக் கொண்டே இருந்தார். அதற்குள் பாசாரில் மீன் விற்பவர் பெரியப்பாவிடம், "தம்பி அக்கரைக்குப் போகுதாமே, நீங்க எப்ப போறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

பெரியப்பா கத்தவில்லை. மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அன்றிலிருந்து அப்பாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். புது வீட்டுக்குக் குடிபோன அன்று பெரியம்மா மட்டும் வந்து பால் காய்ச்சிவிட்டுப் போனார். "வரலன்னா போகட்டும் லா, யாரு கெஞ்சினா?" என்றார் அப்பா, வாசலைப் பார்த்துக்கொண்டே.

அண்ணன் டியூஷன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். அவனுடைய டிக்கெட் என் தலையில் விழுந்தது. நான் அழுது பார்த்தேன். அம்மா மசியவில்லை.

"நீயும் போகலன்னா அங்க போயி ரெண்டும் அடிச்சிக்கும். போய் நடுவுல உக்காரு."

பட்டர்வொர்த்தில் அப்பா ஓட்டிய காடியை ஃபெரியில் ஏற்றி, கடலைக் கடந்து, ஸ்டேடியத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரியப்பா எங்களுக்கு முன்பே வந்து ஓர இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அப்பா என்னை நடு இருக்கைக்குள் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் பெரியப்பா மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"உங்கப்பன்கிட்ட கேளு, சாப்பிட்டு வந்தானான்னு."

ஒரு முழம் தள்ளி இருந்த அப்பாவின் காதில் அது விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் அவர் அசையவில்லை. நான் திரும்பி, "சாப்பிட்டீங்களான்னு கேக்கறாரு" என்ற பிறகுதான் அந்தக் கேள்வியை முதல்முறையாகக் கேட்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"சாப்டாச்சுன்னு சொல்லு."

"சாப்டாச்சாம்."

இப்படித் தொடங்கியது. அது ஆஃப்சைட் இல்லை என்று சொல்லு. ஆஃப்சைட்டேதான், கண்ணாடியை மாத்தச் சொல்லு. மாத்தினது போன மாசம்தான், அவனுக்கு எங்க தெரியப்போகுது, அவன்தான் அக்கரைக்காரன் ஆயிட்டானே என்று சொல்லு. நான் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிக் கழுத்து வலியோடு வீடு திரும்பினேன். சலித்துப்போய்ச் சுருக்கிச் சொன்னால், "நான் சொன்னத அப்படியே சொல்லு" என்று அதட்டல் வரும். பின் வரிசையில் எப்போதும் உட்காரும் சீனக் கிழவர் ஒருநாள் பொறுக்கமுடியாமல், பிள்ளையை விட்டுவிட்டு நீங்களே பேசிக்கொள்ளக்கூடாதா என்று மலாயில் கேட்டார். அண்ணனும் தம்பியும் சேர்ந்தாற்போல் திரும்பி அவரை முறைத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமைக்குக் குறைவில்லை.

இடைவேளையில் பெரியப்பா டப்பாவைத் திறப்பார். பெரியம்மா பிரட்டிய மீகூன் நூடுல்ஸ் இருக்கும்.

"உங்கப்பனுக்கும் குடு. அவனுக்குன்னு கொண்டாந்தேன்னு சொல்லாத."

அப்பா கடைசி இழை வரை வழித்துத் தின்றுவிட்டு, "உப்பு பத்தலன்னு சொல்லு" என்பார்.

மைதானத்தில் பச்சைச் சட்டைக்காரர்கள் சளைக்காமல் தோற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஐரோப்பாவிலிருந்து நிறையச் சம்பளம் கொடுத்து வரவழைத்த ஆள் ஒருவன் இருந்தான். எங்கள் வெயிலில் தக்காளியாய்ச் சிவந்து, பந்தைக் கம்பத்துக்கு மேலே மேலே அடித்தான். கோல்கீப்பர் பந்தை விட்டுவிட்டு ரெஃப்ரியோடு சண்டை போடுவார். புக்கிட் மெர்தாஜாமில் என் உயிர்த்தோழியின் பிறந்தநாள் விருந்து நடந்த மாலையில் நான் இங்கே உட்கார்ந்து எங்கள் அணி ஐந்து கோல் வாங்குவதைப் பார்த்தேன். எல்லோரும் கேக் தின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அணிக்காக அழுகிறேன் என்று நினைத்து அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை பெரியப்பா வரவில்லை.

ஓர இருக்கை காலியாகக் கிடந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கழுத்துக்கு ஓய்வு. அன்றைக்கென்று அதிசயமாகத் தக்காளி ஒரு கோல் போட்டான். ஸ்டேடியமே எழுந்து நின்று ஆடியது. நானும் குதித்தேன். அப்பா மட்டும் படிக்கட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம். திரும்பும்போது ஃபெரியில், "ஜெயிச்சிட்டோம்ப்பா" என்றேன். "ஆமா லா" என்றார், எரிச்சலாக. இத்தனை நாள் காத்திருந்த வெற்றி வந்தபோது இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாரே என்று எனக்கு வெறுத்துப்போனது.

அடுத்த ஆட்டத்துக்குப் பெரியப்பா வந்துவிட்டார். ஆள் இளைத்திருந்தார். புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அப்பா அதையே பார்த்தார்.

"கையில என்னான்னு கேளு."

"ஆஸ்பத்திரில ஊசி போட்ட எடம்னு சொல்லு. நெஞ்சு வலிச்சிச்சு. சும்மா லேசாத்தான்."

நான் சொன்னேன். அப்பாவிடமிருந்து வந்த குரல் அவருடையதுபோலவே இல்லை.

"எனக்கு ஏன் சொல்லலன்னு கேளு. பெரியம்மாவயும் ஏன் சொல்ல விடலன்னு கேளு."

நான் திரும்பினேன். பெரியப்பா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வீடு வாங்கினப்ப எனக்குச் சொன்னானான்னு கேளு."

கேட்டேன். வார்த்தை மாறாமல் அப்படியே கேட்டேன், அதட்டலுக்குப் பயந்து. அந்த நேரம் பார்த்து எங்கள் கோலுக்குள் பந்து போனது. சுற்றியிருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். என் இரண்டு பக்கமும் யாரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பதிலை எடுத்துக்கொண்டு போவதற்காக நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். ஆட்டம் முடியும்வரை காத்திருந்தேன்.

கடைசி ஆட்டம் வந்தது. தோற்காமல் இருந்தால் போதும், முதல் டிவிஷனில் நீடிக்கலாம். தோற்றால் கீழே. எனக்கு இரண்டும் ஒன்றுதான். எப்படியாவது முடிந்தால் சரி. இடைவேளை முடிந்து சிறிது நேரத்தில், "ரெஃப்ரி மேல தப்பில்லன்னு சொல்லு", "தப்புத்தான்னு சொல்லு" என்று மறுபடி ஆரம்பித்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் சொல்ல மாட்டேன்! வேணும்னா நீங்களே சொல்லிக்குங்க!"

எழுந்து படியேறிப் போய்விட்டேன். யாரும் தடுக்கவில்லை. மேலே ஒரு மலாய்க்கார அக்காவிடம் பிளாஸ்டிக் பையில் ஐஸ் மைலோ வாங்கி, உறிஞ்சு குழலைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் இல்லாமல் இருவரும் கல்லாக உட்கார்ந்திருக்கட்டும். என் அருமை அப்போதாவது தெரியட்டும்.

மைலோ தீர்ந்ததும் மெல்ல இறங்கினேன். எங்கள் வரிசைக்கு இரண்டு படி மேலேயே நின்றுவிட்டேன்.

அப்பா என் காலி இருக்கையின் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தார்.

"மாத்திரைய ஒழுங்கா போடுறாரான்னு கேளு."

பெரியப்பாவும் அந்த இருக்கையைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "போடுறேன்னு சொல்லு. இனிப்பு கம்மி பண்ணிட்டேன்னு சொல்லு."

"அடுத்த தடவ டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு. ஒரு போன் அடிச்சா போதும்னு சொல்லு."

"அக்கரையிலேருந்து எதுக்கு வீணா அலையணும்னு கேளு."

"அலைஞ்சா என்னான்னு கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் இல்லாமலேயே இவர்களால் பேசமுடியும் என்றால் ஒரு வருடமாக என்னை எதற்கு இழுத்து வந்தார்கள்? என் சனிக்கிழமைகள், என் தோழியின் கேக், என் கழுத்து!

அந்தச் சமயத்தில்தான் எதிரணி கோல் போட்டது. ஆட்டம் முடிந்து விசில் ஒலித்தது. நாங்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டோம். சிலர் தண்ணீர் போத்தல்களை வீசினார்கள். பின் வரிசைச் சீனக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்டேடியம் காலியாகிக்கொண்டிருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் எழுந்திருக்கவில்லை. என் இருக்கையிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

ஃபெரியில் நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "நான் இல்லாமலே பேசினீங்களே!"

"யாரு பேசினா?" என்றார் அப்பா, உண்மையாகவே ஆச்சரியப்பட்டவர்போல.

அடுத்த வருடம் இனி வரவே மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். அம்மாவும் இம்முறை வற்புறுத்தவில்லை. ஆனாலும் அப்பா மூன்று டிக்கெட்டோடு வந்து நின்றார். இரண்டாம் டிவிஷன். ஆட்டத்தைப் பார்க்க ஆளே வராது. வேண்டிய இடத்தில் உட்காரலாம். தக்காளி ஊருக்குப் போய்விட்டான்.

"அதான் நான் வரலியே, எதுக்கு மூணு?" என்றேன்.

"நடுவுல ஒரு சீட்டு வேணும் லா" என்றார் அப்பா.

மீகூன் டப்பா வைக்க என்று நினைத்துக்கொண்டேன். ஒரு டப்பாவுக்காக யாராவது வருடம் முழுவதற்கும் டிக்கெட் வாங்குவார்களா என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன்.